மலைக்கிராமமும் 26 ஏக்கர் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் மலைக்கிராம வாழ்வு பற்றி வந்த நீண்ட கட்டுரையைப் படித்தோம். கண்டி – மகியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கப் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதையை எழுதியவர் நன்றாகவே ரசித்து எழுதியிருக்கிறார். அதில் எங்களுக்கு வழக்கு இல்லை. வழக்கு இரண்டு இடங்களில். அங்குள்ளவர்களின் பாரம்பரிய வாழ்வு ‘எளிமையானது’ என்று பத்துத் தடவையாவது சொல்லப்படுகிறது. முடிவில், திருகோணமலை மாவட்டத்து மேட்டு நிலங்களிலும் பழையபடி, காட்டை வெட்டிக் கொளுத்திப் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கைக்குத் திரும்பினால் உரமும் வேண்டாம், கடனும் வேண்டாம் என்று ஆலோசனை வேறு. இந்த ஆலோசனையை நம்பி யாராவது கத்தியைத் தூக்கிவிடுமுன் சில கணக்குகளைச் சொல்லிவிட வேண்டும்.

காட்டை வெட்டி, கொளுத்தி, விதையை வீசினால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்கிறது கட்டுரை. சேனை போட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் பற்றையை வெட்டுவார்கள். மரத்தை அடியோடு தறிப்பதில்லை, முழங்கால் முதல் இடுப்பு உயரம்வரை அடிக்கட்டையை விட்டே வெட்டுவார்கள். வேரைக் கிண்டுவது கிடையவே கிடையாது. அந்தக் கட்டைதான் சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். பயிர் முடிந்த அடுத்த மாரியில் அதிலிருந்துதான் காடு திரும்பத் துளிர்க்கும். வெட்டியதை மூன்று நான்கு கிழமை காயவிடவேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கொளுத்தினால் புகைதான் வரும், சாம்பல் வராது. மேல்மண்ணில் கிடக்கும் களைவிதையும் சாகாது. ஆவணி கடைசி, புரட்டாதியில், காற்று அடங்கிய நேரம் பார்த்து, சுற்றிவர இரண்டு மூன்று மீற்றர் அகலத்துக்கு நிலத்தைச் சுத்தமாகச் செருக்கிவிட்டு நெருப்பு வைப்பார்கள். சரிவு நிலத்தில் நெருப்பை மேலிருந்து வைப்பதுதான் முறை. கீழிருந்து வைத்தால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த எல்லையும் நிற்காது.

நெருப்பு மண்ணுக்குக் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் கிடைக்கும், மண்ணின் புளிப்புக் குறையும். ஆனால் தழையிலிருந்த நைதரசனில் பெரும்பங்கு புகையோடு போய்விடும். சாம்பலில் உள்ளதும் நீரில் கரைவது. முதல் பெருமழைக்கு முன் முளை எழும்பி வேர் பிடிக்காவிட்டால் அத்தனையும் ஓடைக்கு. அதனால்தான் ஒரு வருடம் நல்ல விளைச்சல், இரண்டாம் வருடம் அரை விளைச்சலும் முழுக்களையும், மூன்றாம் வருடம் விட்டுவிட்டுப் போ என்ற ஒழுங்கு வந்தது.

இங்கேதான் கணக்கு. ஒரு குடும்பம் வருடத்துக்கு 2 ஏக்கர் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருடம் பயிரிட்ட துண்டு 12 வருடம் ஆறவேண்டும். அப்படியானால் பயிரில் இருப்பது ஒரு துண்டு, ஆறிக்கொண்டிருப்பவை 12 துண்டு. மொத்தம் 13 துண்டு, 26 ஏக்கர் காடு. ஒரு குடும்பத்துக்கு! நூறு குடும்பம் என்றால் 2,600 ஏக்கர். அவ்வளவு காடும் மிகச் சில வீடுகளும் இருந்த காலத்தில் சேனை மண்ணைக் கெடுக்கவில்லை. ஆறவிடும் காலத்தை 4 வருடமாகக் குறைத்தால் 10 ஏக்கர் போதும் என்று கடதாசியில் வரும். நிலத்திலோ பற்றை முழுதாக எழும்புமுன் மறுபடி நெருப்பு வைக்கிறோம். நெருப்புக்குச் சாகாத ஒன்று மட்டும் அங்கே மிஞ்சும்: இலுக்குப் புல். அதன் கிழங்கு மண்ணுக்கடியில் கிடக்கும், மேலே எரிய எரியக் கீழே பரவும். இலுக்கு ஏறிய நிலத்தைத் திரும்பக் காடாக்குவது ஒரு ஆயுள் வேலை.

இன்னொன்றும் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டு பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் காட்டுக்குள் சேனை வெட்டுவது குற்றம். ஏலக்காய் பயிரிடுவதற்கும் தடை. ஆக, நம்மைத் திரும்பச் சொல்லும் சேனைக்கு அந்த ஊர்க்காரரே திரும்பமுடியாது. அவர்கள் இன்று நிற்பது வயலிலும், இனிப்புச் சாறு இறக்கும் கித்துள் மரத்திலும், மிளகிலும்.

நம் பக்கத்து மேட்டுநிலத்தில் நிலைமை இதைவிட மோசம். இங்கே ‘சேனை’ என்ற பெயரில் உழவு யந்திரத்தை விட்டு வேரோடு புரட்டுகிறார்கள். அடிக்கட்டையும் இல்லை, துளிர்ப்பும் இல்லை, ஆறவிடுவதற்கு வேறு துண்டும் இல்லை. பெயர் ஒன்றுதான் பழையது.

குரக்கனுக்கு, அதாவது கேழ்வரகுக்கு, வருவோம். கட்டுரையில் இரண்டு வரியில் முடிந்துபோன விசயம் இது. ஆயிரம் குரக்கன் மணி சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று கிராம். ஒரு ஏக்கருக்கு மூன்று நான்கு கிலோ விதை போதும். அந்தக் கணக்கில் ஒரு சதுர அடியில் 25 மணி அளவில் விழவேண்டும். இவ்வளவு நுண்ணிய விதையை வெறும் கையால் வீசினால் ஓரிடத்தில் பாய் விரித்தாற்போல் முளைக்கும், பக்கத்தில் மொட்டையாகக் கிடக்கும். அதனால் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ விதையைக் கலந்து, ஒரு தரம் நெடுக்காகவும் ஒரு தரம் குறுக்காகவும் வீசுவார்கள். பிறகு முட்கிளை ஒன்றை மேலால் இழுத்துவிட்டால் போதும். ஓர் அங்குலத்துக்குக் கீழே புதைந்த மணி வெளியே வராது. மழைக்கு முன் விதைத்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போகும். பெருமழை தொடங்கியபின் விதைத்தால் வெள்ளம் வாரிக்கொண்டு போகும். இடையில் கிடைப்பது சில நாட்கள்.

கதிர் எல்லாம் ஒரே நாளில் முற்றாது. இரண்டு மூன்று தரம் போய், முற்றியதை மட்டும் சின்னக் கத்தியால் கொய்யவேண்டும். கொய்த கதிரைக் குவித்து மூடி மூன்று நான்கு நாள் வைப்பார்கள். குவியலுக்குள் சூடேறி, உமி இளகி, மணி சுலபமாகக் கழன்றுவிடும். கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சூடு கணிப்பதுதான் இதற்கு அளவுகோல். ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பிடிக்கும், மாவில் முடைநாற்றம் வரும். விதைக்கு வைக்கும் கதிரை இந்தக் குவியலில் சேர்க்கவே மாட்டார்கள். அந்தச் சூட்டில் முளைத்திறன் போய்விடும். அவற்றை முதலிலேயே தெரிந்தெடுத்து, பிடியாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். கட்டுரையில் வந்த சமையலறைப் படத்தில், கரிபடிந்த பரணில் தொங்குவது அந்த விதைக்கதிர். படக்குறிப்பு அதை ‘அலங்காரம்’ என்கிறது!

மணியை அடிக்கும் களத்தைச் சாணியால் மெழுகாமல் விட்டால் மண் கலக்கும். குரக்கன் மணியும் மணலும் ஒரே பருமன், சுளகால் பிரிக்கமுடியாது. நம்மூரில் பலர் ‘குரக்கன் பிட்டு பல்லில் நறநறக்கிறது’ என்று சொல்லி ஒதுக்குவதற்குக் காரணம் இந்தக் களம்தான், தானியம் அல்ல. வாங்கிய குரக்கனை அரிக்கன் சட்டியில் நாலு தரம் அரித்து, நன்றாகக் காயவைத்துத் திரித்துப் பாருங்கள்.

இந்தத் தானியத்துக்கும் நம் கரைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1660இல் கொட்டியாரக் கரையில் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட றொபேட் நொக்ஸ், ஏறக்குறைய 19 வருடம் கண்டி இராச்சியத்து ஊர்களில் காவலில் இருந்தார். 1679இல் தப்பி அரிப்புக்குப் போனார். அவர் எழுதி 1681இல் இலண்டனில் அச்சான நூலில் குரக்கன் வருகிறது. கடுகு போன்ற சிறு விதை, வட்டக்கல் இரண்டை ஒரு குச்சியால் கையாலே சுற்றி அரைக்கிறார்கள், ஓட்டுத் துண்டில் தணலில் சுடுகிறார்கள், பழக்கமில்லாதவர் தின்றால் வயிறு பிடுங்கும் என்று எழுதியிருக்கிறார். திரிகையை இதைவிடச் சரியாக யார் வர்ணிப்பது? வயிற்றைப் பற்றிச் சொன்னதும் சரிதான். முதல் நாளே நாலு ரொட்டி தின்னும் சுற்றுலாப் பயணிகள் இன்றும் அதைக் கண்டுகொள்கிறார்கள்.

குரக்கன் ரொட்டி ஓரம் வெடிக்கிறது என்பது வழக்கமான முறைப்பாடு. கோதுமையில் உள்ள பசைப் புரதம் குரக்கனில் இல்லை, இழுத்தால் அறும். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை துருவிய தேங்காய், உப்பு, நன்றாகச் சுட்ட தண்ணீர். பச்சைத் தண்ணீர் கூடாது. குழைத்து ஈரத்துணியால் மூடி கால்மணி நேரம் வைத்து, உள்ளங்கையால் தட்டி, மிதமான சூட்டில் சுடவேண்டும். நாம் களி என்பதை மலைக்கிராமத்தார் தலப்ப என்கிறார்கள். கொதிக்கும் உப்புநீரில் மாவைக் குவியலாகக் கொட்டி, கிண்டாமல் விட்டு, நடுவில் அகப்பைக் காம்பால் துளையிட்டு, அந்தத் துளைவழியாகத் தண்ணீர் பொங்கி மாவை அவித்தபின்தான் கிண்டுவது. போட்டவுடன் கிண்டினால் கட்டி கட்டியாக, உள்ளே பச்சை மாவோடு நிற்கும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. மாட்டுப்பால் அருமையான ஊரில் பிள்ளைகளுக்கு எலும்பு வைத்தது இதுதான்.

அடுத்தது கித்துள். கட்டுரையில் ‘மரத்தில் பானையைக் கட்டினால் தேன் போன்ற பாணி சொட்டுகிறது’ என்று ஒரு வசனம். பாணி என்பது காய்ச்சி எடுக்கும் பாகு, அது எந்த மரத்திலும் சொட்டாது. சொட்டுவது தண்ணீர் போன்ற இனிப்புச் சாறு. பனஞ்சீவலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாமலிருக்க நியாயமில்லை.

கித்துள் மரம் 10 முதல் 15 வருடத்தில் முதல் பாளை தள்ளும். முதல் பாளை உச்சியில், அடுத்தடுத்தவை அதற்குக் கீழே கீழே. கடைசிப் பாளை முடிந்தால் மரமும் முடிந்தது. பனையைப் போல ஆண்டாண்டாகத் தராது. பாளை விரியுமுன் காம்பின் அடியில் சிறு வெட்டுப் போட்டு, மிளகு, உள்ளி, உப்பு, சுண்ணாம்பு, சாம்பல் என்று அவரவர் கைமுறைப்படி அரைத்த மருந்தை வைத்து, இலையால் சுற்றிக் கட்டிச் சில நாள் விடுவார்கள். மருந்தின் விகிதத்தைத் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். மருந்து கூடினால் பாளை கருகும், குறைந்தால் பூ விரிந்து சாறு நின்றுவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பாளை போனதுதான். பிறகு நுனியைக் காலையும் மாலையும் கடதாசிப் பருமனுக்குச் சீவவேண்டும். தடிப்பாகச் சீவினால் மாதக்கணக்கில் ஓடவேண்டிய பாளை வாரங்களில் தேய்ந்துவிடும். ஒரு நாள் ஏறாமல் விட்டால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும். காய்ச்சல், கலியாணம், கடும் மழை, எதற்கும் விடுமுறை கிடையாது. மழையில் வழுக்கும் மரத்தில், மூங்கிலை ஏணியாகக் கட்டி, நாளுக்கு இரண்டு தரம்.

நல்ல மரம் நாளுக்குப் பத்துப் போத்தலுக்கு மேலும் தரும். அந்தச் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகத் தொடங்கும். புளிக்காத பனஞ்சாறான கருப்பணிக்கு நாம் சாறு சேரும் முட்டியில் சுண்ணாம்பு பூசுகிறோம். அவர்கள் முட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, புகையில் கவிழ்த்துப் பிடித்து, உள்ளே ஹல் மரப்பட்டைத் துண்டு போடுகிறார்கள். வேலை ஒன்றுதான்: புளிப்பைத் தள்ளிப்போடுவது. இறக்கியதை அன்றைக்கே துணியில் வடித்துக் காய்ச்சவேண்டும். பொங்கி வழியும்போது துருவிய தேங்காய் ஒரு பிடி போட்டால் அதன் எண்ணெய் நுரையை அடக்கும். அகப்பையிலிருந்து நூலாக இறங்கினால் பாணி. இன்னும் காய்ச்சி, ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டால் உருண்டு நின்றால் கட்டிப் பதம், சிரட்டையில் ஊற்றலாம். சற்றே புளித்த சாறு பாணிக்கு ஒப்பேறும், கட்டிக்கு ஒருபோதும் உறையாது. புளிப்பில் சீனி குளுக்கோசும் பிரக்டோசுமாக உடைந்துவிடுகிறது, அவை கட்டிபட விடாது. பனங்கட்டி பிசுபிசுத்து நிற்பதற்கும் அதே காரணம்.

ஒரு போத்தல் பாணிக்கு 6 முதல் 8 போத்தல் சாறும், அதற்கான விறகும் வேண்டும். லீவு நாட்களில் திருகோணமலையிலிருந்து மலைக்கு வான் கட்டிப் போகிறவர்கள் வீதியோரத்தில் பேரம் பேசுமுன் இதை நினைக்கவேண்டும். மிக மலிவாகக் கிடைக்கும் ‘கித்துள் பாணி’யில் கடைச் சீனி எவ்வளவு என்று விலையே சொல்லும்.

படிவயலைப் பற்றிக் கட்டுரை ‘இயற்கையின் படிக்கட்டு’ என்று ஒரு வரியோடு விட்டுவிட்டது. அதில் இயற்கை செய்தது சரிவு ஒன்றைத்தான். ஓடையில் கல் அடுக்கி, மலையோரமாக வாய்க்கால் இழுத்து, மேல் தட்டில் விட்ட தண்ணீரை ஒவ்வொரு தட்டாகக் கீழே இறக்குகிறார்கள். இறங்கும் இடத்தில் குடைந்த கித்துள் தடியையோ மூங்கிலையோ பீலியாக வைத்தால் வரம்பு அரிக்காது. வரம்புக்கு முதல் எதிரி நண்டு. ஒரு வளை போதும், இரவோடிரவாகத் தண்ணீர் அதன்வழியே ஓடி, காலையில் வரம்பே கீழ்த்தட்டில் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு போகமும் வரம்பின் உட்பக்கத்தைச் செருக்கிப் புதுச் சேற்றால் மெழுகுவார்கள். வெளிப்பக்கத்துப் புல்லை மட்டும் வேரோடு பிடுங்கமாட்டார்கள், அரிந்துவிடுவார்கள். ‘சுத்தமாக’ வைத்திருக்கிறேன் என்று வேரைப் பிடுங்கினவனின் வரம்பு அடுத்த மழையில் சரியும். கந்தளாய்க் குளத்துக்குக் கீழே, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் முறை கேட்டு நிற்கும் நம் விவசாயிக்கு மேல் தட்டுக்காரன், கீழ் தட்டுக்காரன் சண்டையை விளக்கத் தேவையில்லை.

மண்வீட்டைப் பற்றியும் ஒரு சொல். தடிகளால் கட்டிய வரிச்சுக்கு இருபக்கமும் மண் அப்பி, முதல் பூச்சு வெடித்துக் காய்ந்தபின் வெடிப்பை அடைத்து, புற்றுமண்ணும் மணலும் கலந்து இரண்டாம் பூச்சு, சாணியும் களிமண்ணும் சேர்த்து மெழுகுவது. களிமண் கூடினால் வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். கல் அத்திவாரம் ஒன்றரை அடியாவது எழும்பவேண்டும், கூரை மூன்று அடி வெளியே நீளவேண்டும். இரண்டும் குறைந்தால் சாரலே சுவரைத் தின்றுவிடும். அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றிய வீடுகளில் கூரைப்புல் சீக்கிரம் உக்குகிறது. கண்ணைக் கரிக்கவைத்த அந்தப் புகைதான் பூச்சியை அண்டவிடாமல் வைத்திருந்தது. அதற்காகப் பெண்களைப் புகைக்குள் திரும்பப் போகச் சொல்ல நாங்கள் தயாரில்லை. தகரமோ ஓடோ போட்டவர்களைப் பார்த்து ‘பாரம்பரியம் அழிகிறது’ என்று கட்டுரையாளர் வருந்துவது, அந்தக் கூரையின் கீழ் சமைக்காதவரின் வருத்தம்.

மிளகு பற்றி எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. ஒன்று மட்டும்: மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் ஆய்ந்து, கொதிநீரில் ஒரு நிமிடம் அமுக்கி எடுத்துக் காயவைத்தால் ஒரே கறுப்பாக வரும்.

இவ்வளவும் திருகோணமலைக்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். மீமுரேயை ஒட்டி ஓடும் ஹீன் கங்கை மகாவலியில் விழுகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து சேர்வது நம் கொட்டியாரக் குடாவில். அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. மாரியில் மூதூர்ப் பக்கம் கடல் செம்மண் நிறமாகக் கலங்கும்போது, அதில் மேலே எங்கோ உடைந்த ஒரு வரம்பின் மண்ணும் இருக்கிறது.

கடைசியாக, கட்டுரையின் நடுப்பக்கத்தில் ‘கித்துள் மரத்தடியில் கிராமத்தவர்’ என்று ஒரு பெரிய படம். அந்த மரம் கமுகு. கித்துள் இலை மீன்வால் போல ஓரம் கிழிந்து முக்கோணமாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். அடுத்த வாரமலரில் இந்தப் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் இருவர்,
உவர்மலை, திருகோணமலை.